ரைட்டர் வீட்டு அக்காவின் மிளகுக் கொடி

ஏற்காட்டில் எங்கள் கலைக்கூடத்தின் நுழைவில் ஒரு கண்ணாடிப் பலகை தொங்குகிறது. பச்சை மிளகுக் கொடி, குறுக்கே விரிசல்கள். கீழே பித்தளைத் தகட்டில் ‘உடைவின் அழகு’ என்ற தலைப்பும் கலைக்கூடச் செயலாளர் அம்மாவின் பெயரும். சுற்றுலா வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதைச் செய்தவர் ரைட்டர் வீட்டு அக்கா.

வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் அக்காவின் கணவர் கணக்கு எழுதும் ரைட்டர். மலைப் பெண்கள் யார் வேண்டுமானாலும் வந்து பழகலாம் என்று கலைக்கூடம் தொடங்கியபோது நானும் அக்காவும் ஒன்றாகச் சேர்ந்தோம். கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, அடுக்கி, மின்சூளையில் உருக்கி ஒன்றாக்கும் வேலை. பயணிகள் கொண்டை ஊசி வளைவுகளில் வீசிவிட்டுப் போகும் பச்சை பீர் பாட்டில்கள்தான் அக்காவுக்குச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பை நிறையப் பாட்டிலோடு நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? “ஏனுங்க ரைட்டர், ஊட்டுல நேத்து நொம்ப விசேஷமாட்டங்குதே!” என்று பஸ்ஸில் கேலி. ரைட்டர் கடைசியில் ஒரு கெடு வைத்தார். கோடை விழாக் கண்காட்சியில் வேலை நன்றாக வந்தால் அக்கா தொடர்ந்து போகலாம். இல்லாவிட்டால் அன்றோடு சரி.

அக்கா அந்தக் கொடிக்காக மாய்ந்து மாய்ந்து உழைத்தார். வெவ்வேறு கண்ணாடிகள் கலந்தால் ஆறும்போது ஒன்றையொன்று இழுத்து வெடிக்கும் என்பதால், ஒரே வகைப் பாட்டிலாகப் பார்த்துச் சேர்த்தார். அடிப்பரப்புக்கு ஓர் அடுக்கு, இலைக்கு இரண்டு அடுக்கு. என்னைக்கூடத் தொட விடவில்லை. “கை வெக்காத கண்ணு, எதுக்கு எது சோடின்னு எனக்குத்தான் தெரியும்” என்பார்.

முந்தின நாள் மழையில் மின்சாரம் நின்று நின்று வந்ததால் உருக்கும் வேலை விடிய விடிய இழுத்து, கண்காட்சியன்று காலையிலும் சூளை ஆறவில்லை. உள்ளே எப்படி இருக்கும் என்று சிறப்பு விருந்தினர் ஒரு வார்த்தை கேட்டதுதான் தாமதம், செயலாளர் அம்மா மூடியைத் தூக்கிவிட்டார். “ஐயோ, மூடுங்க!” என்று அக்கா கத்தினார். விருந்தினர் படம் எடுத்து முடிக்கும்வரை மூடி திறந்தே இருந்தது. உள்ளே எல்லாம் ஒரே சிவப்பு. அந்தச் சூட்டில் எந்த நிறமும் தெரியாது. குளிர்காற்று பட்டுச் சிவப்பு மங்கியதும் டக், டக்கென்று சத்தம் கேட்டது. செயலாளர் அம்மா சிரித்த முகம் மாறாமல், “பாட்டில் கண்ணாடி கலப்படம் சார், அதான்” என்றார். படித்தவர்கள் பொய் சொன்னால் அதற்கு ஒரு காரணமும் கூடவே தயாராக வந்துவிடுகிறது. ரைட்டர் பின்னாலேயே நின்றிருந்தார்.

நான் விடவில்லை. “ஒரே பாட்டிலுங்க. நீங்க தொறந்து வெச்சதாலதானுங்க வெடிச்சுது” என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். விருந்தினர் டீ குடிக்கப் போய்விட்டார். “எதுல வெடிச்சா என்னங்க, வெடிச்சிருச்சில்லீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரைட்டர் அக்காவை அப்போதே அழைத்துக்கொண்டு போனார். அக்கா அதன்பிறகு வரவேயில்லை. தகட்டில் யார் பெயர் என்று பின்னால் நான் சண்டை போட்டபோது, “சட்டம் போட்டு மாட்டினது நான்தானே” என்றார் செயலாளர் அம்மா. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பொறுமையைப் பற்றி அவர்தான் பாடம் எடுக்கிறார்.

போன வாரம் ஒண்டிக்கடை நிறுத்தத்தில், புறப்படக் காத்திருந்த பஸ்ஸின் அருகே அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன், தகடு உட்பட. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அத உடு கண்ணு. பச்ச வந்துச்சா? எலைக்கு ரெண்டடுக்கு வெச்சனே, தனியாத் தெரியுதா?”

அவர் அதை ஆறிய பிறகு பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நொம்ப நல்லா வந்திருக்குதுங்கக்கா.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவரு பஸ்ஸுல உக்காந்திருக்காரு. அவரு காது கேக்க ஒருக்கா சொல்லு கண்ணு.”