சிக்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி

என் அண்ணன் மகளுடைய ஞானஸ்நானப் படத்தில் நாங்கள் எல்லோரும் இருக்கிறோம், அண்ணனைத் தவிர. அதற்குக் காரணம் நான் சொன்ன சராசரி.

அண்ணன் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டுகிறான். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் புள்ளியியல் பார்க்கிறேன். எந்த வண்டி எண்ணூர் சாலை வரிசையில் எப்போது சேர்ந்தது, எப்போது துறைமுக கேட்டைத் தாண்டியது என்பதெல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கும். "சராசரியா பாத்தா சாயங்காலத்துக்குள்ள வந்துடுவ, தைரியமா லோடு எடு" என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். எடுத்தான். ஞானஸ்நானம் முடிந்து, பிரியாணி தீர்ந்து, வாடகைப் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுத்த பிறகு வந்து நின்றான். அன்றிலிருந்து சராசரி என்பது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை.

ஏழெட்டு வருடம் கழித்து அதே பிள்ளைக்கு ராயபுரம் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அந்த வாரமும் அண்ணனுக்கு லோடு. மாட்டேன் என்றால் முதலாளி வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். "அத்தை, இந்த வாட்டியாவது நைனாவ வர வெச்சிடு" என்றாள் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது.

அப்போது நான் வேலைக்காக ஆன்லைனில் டிஸ்ட்ரிபியூஷனல் ரெக்ரஷன் என்ற கணிப்புமுறையைப் படித்துக்கொண்டிருந்தேன். பழைய ரெக்ரஷனில் சராசரி மட்டும்தான் ஏறும், இறங்கும். அதற்கு முன்னே பின்னே வண்டிகள் சிதறுவது எல்லா நாளும் ஒரே அளவு என்று நாமாக நம்பிக்கொள்வோம். இதில் சராசரிக்கு மியூ என்று ஒரு சமன்பாடு, சிதறலுக்கு சிக்மா என்று தனியாக இன்னொரு சமன்பாடு. இரண்டு நாளுக்குச் சராசரி ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு நாள் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், இன்னொரு நாள் ஒருவன் மதியமே வருவான், ஒருவன் மறுநாள் வருவான். இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவளுக்கு இது இப்போதுதான் உறைத்தது என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவிடம் விளக்கினேன். "மியூ நல்லாத்தான் கீதும்மா. சிக்மாதான் ஜாஸ்தி." அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா முன்னால் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். சின்னது மியூவுக்கு, பெரியது சிக்மாவுக்கு. பக்கத்து வீட்டு அக்கா, "யாரு சிக்மா, மருமவ வூட்டாளா? ஒடம்புக்கு இன்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். "கொறைஞ்சிகினு வருது" என்று அம்மா பதில் சொல்லியிருக்கிறாள்.

குறையவில்லை. கிழமை, மழை, கப்பல் நெரிசல் என்று கிடைத்ததையெல்லாம் சிக்மா சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். மாடல் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு படம் உண்டு, புழு மாதிரி இருக்கும். புழு நேராகப் படுத்தால் மாடல் சரி. என் புழு வால் பக்கம் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. எரிச்சலில், எதற்கும் அடங்காமல் தாமதமாகிற அந்த வண்டிகளின் நம்பரை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே நம்பர். அண்ணன் வண்டி.

மறுநாள் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் வரிசைக்கே போனேன். அண்ணன் வண்டிக்குப் பின்னால் நின்ற டிரைவர் வந்து, "தலைவரே, ஊர்ல மச்சான் கல்யாணம்" என்றார். வரிசை நகரும்போது அண்ணன் நகராமல் நின்று, கையைக் காட்டி அவரை முன்னால் விட்டான். சற்று நேரத்தில் இன்னொருவருக்கு மாமியார் ஆஸ்பத்திரி. மூன்றாவது ஆள் காரணமே சொல்லவில்லை, ஹாரன் மட்டும் அடித்தார். அவரையும் விட்டான்.

"உனுக்கு அறிவு கீதா?" என்று கத்தினேன்.

"அவனுக்கு அர்ஜென்ட்டு பாப்பா. நமக்கு இன்னா, நிக்கற எடத்துல நிக்கப்போறோம்."

"உன் பொண்ணு ஞானஸ்நானத்தன்னிக்கு எத்தினி பேர விட்ட?"

குனிந்து குழம்புச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு வருடமும் அந்தப் பழியைச் சுமந்தது நான்.

டிரைவர் யார் என்பதையும் சிக்மா சமன்பாட்டில் சேர்த்தேன். புழு சாதுவாகப் படுத்துவிட்டது. ஆனால் அண்ணன் விஷயத்தில் மாடல் சொன்ன பதில் இது: ஞாயிறு விடிவதற்குள்ளும் வரலாம், திங்கட்கிழமையும் வரலாம். பூசையோ ஞாயிறு காலை. வேறு வழி தெரியாமல், அந்தப் பதிலை மாடல் வரைந்து காட்டிய வளைகோட்டை அச்சடித்து, கீழே 'மகளுக்குப் புதுநன்மை. இந்த வாரம் யாருக்கும் இடம் விடப்படாது' என்று எழுதி, அவன் வண்டியின் முன்கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

அது வேலை செய்த விதம் எந்தப் பாடத்திலும் இல்லை. "இன்னா தலைவரே, ஸ்கேன் ரிப்போர்ட்டா?" என்று ஒருவர் கிட்டே வந்து படிக்க, விஷயம் வரிசை முழுக்கப் பரவி, முன்னால் நின்ற வண்டி ஒவ்வொன்றும் ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது. சனிக்கிழமை மதியமே அண்ணன் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டான். என் மாடல் அதற்குக் கொடுத்திருந்த வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். நான் சொன்னது பொய்யானதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குப் போனோம். பெற்றவர்களுக்கு முதல் பெஞ்சு. அண்ணனையும் அண்ணியையும் அங்கே நானே உட்கார வைத்தேன். பாட்டு தொடங்கியதும் எட்டிப் பார்த்தால், அண்ணியின் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறார். "அவுரு புள்ளைக்கும் இன்னிக்குத்தானாம். லேட்டா வந்தாருன்னு இவுரு எந்திரிச்சி எடத்த குடுத்துட்டாரு" என்று அண்ணி கிசுகிசுத்தாள். அண்ணன் கடைசியில், கதவோரம் நின்றிருந்தான். போட்டோகிராபரின் கேமரா அவ்வளவு தூரம் போகாது. வந்த கோபத்துக்குப் பூசை நடுவிலேயே எழுந்துபோய் அவன் காதைத் திருகியிருப்பேன்.

வெள்ளை கவுனில் பிள்ளை நன்மை வாங்கிக்கொண்டு திரும்பினாள். முதல் பெஞ்சில் அவள் தேடவே இல்லை. நேராகக் கதவோரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.