நிலவேம்பும் நான் சொல்லாமல் விட்டதும்

மலேரியாக் கிருமியை நிலவேம்பு கொல்லுமா என்று பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் சோதித்துக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தரும் அக்கா டத்தோ கிராமாட்டில் குடியிருந்தார். அவருடைய கணவர் பேராக் காட்டில், மரம் வெட்டும் முகாமில் லாரி ஓட்டினார். அந்தப் பக்கம் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு மலேரியா வருவதுண்டு. அதனாலோ என்னவோ, சோதனைக்கான முதல் செடியை அக்காவே தன் வீட்டுத் தொட்டியிலிருந்து பிடுங்கி வந்து தந்தார்.

முடிவு தெரிந்த காலையில் அவர் வாளியோடு உள்ளே வந்தார்.

“என்ன தங்கச்சி, முகமெல்லாம் சிரிப்பு? நம்ம இலை வேலை செய்யுதா?”

“செய்யுதுக்கா! கிருமி அவ்வளவும் செத்துப்போச்சு.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடித் தட்டில் செத்தது உடம்புக்குள்ளும் சாகும் என்று சொல்ல முடியாது, எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிடவில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்டு ஒருவர் வாய்பிளந்து நின்றது அன்றுதான். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வரவில்லை. கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். காய்ச்சல் கண்டதும், முகாமில் வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோர் கிளினிக்குக்குக் கூப்பிட்டிருக்கிறார். கணவர் போகவில்லை. மனைவி காயவைத்துக் கொடுத்தனுப்பிய இலையை ஐந்து நாள் கஷாயம் வைத்துக் குடித்திருக்கிறார். நினைவு தப்பிய பிறகுதான் தூக்கி வந்தார்கள்.

நான் அக்காவின் பக்கத்தில் நின்றபோது டாக்டர் வந்தார்.

“அஞ்சு நாள் லேட்டுக்கா. கிட்னி ரெண்டும் அடிவாங்கிருச்சு. யாரு இந்தக் கஷாயத்த குடிக்கச் சொன்னது?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான்.

“யாரும் சொல்லல டாக்டர். நாங்களாத்தான் குடிச்சோம்.”

நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஆய்வுக்கூட அடையாள அட்டையைக் கையால் மூடிக்கொண்டேன்.

கணவர் பிழைத்தார். இரண்டு வாரம் டயாலிசிஸ் செய்தார்கள். பிறகு சிறுநீரகம் மெல்லத் தேறியது. காட்டு வேலைக்கு அவர் திரும்பவில்லை. அக்கா வேலைக்கு வந்த முதல் நாள், அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க பொய் சொல்லலியே தங்கச்சி. கிருமி செத்துச்சுதானே?” என்றார். குழாயைத் திறந்தவர் மறுபடி மூடினார். “ஆனா அன்னிக்கு டாக்டர் முன்னால நீங்க ஏதாச்சும் சொல்வீங்கன்னு நெனச்சேன் லா.”

சில மாதங்களில் எலிச் சோதனை முடிந்தது. மலேரியாக் கிருமி ஏற்றிய எலிகளில், இலைச் சாறு குடித்தவையும் குடிக்காதவையும் கிட்டத்தட்ட ஒரே நாட்களில்தான் செத்தன. முடிவைச் சொல்ல என் பேராசிரியரிடம் போவதற்கு முன் அக்காவிடம் போய், ஒன்றையும் விடாமல் சொன்னேன். “சரி தங்கச்சி” என்றார். குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.