சென்னையிலிருந்து கணக்கு, திருப்பூரிலிருந்து தலையாட்டல்

நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் பொய் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம். அதுவும் அவ்வளவு மரியாதையாக!

எங்கள் ஏரியாவில் ஒரு தனியார் பள்ளி. அங்கே பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர், பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? நாலு வரி ஆங்கிலம் பேசத் தெரிந்த ஆளைத் திருப்பூரில் சாக்பீஸோடு விட்டுவைப்பார்களா?

பள்ளியின் கரஸ்பாண்டன்ட்டும் எக்ஸ்போர்ட்டர்தான். மனிதர் அசரவில்லை.

"ஜெர்மனியில உக்காந்துட்டு வெப்கேமராவுலயே சேம்பிள் பாத்து ஓகே பண்றாருங்க, பனியன் வாங்கற எங்க பையர். மெட்ராஸ்ல இருந்து கணக்குச் சொல்லிக்குடுக்க முடியாதுங்களா?"

ஆயிற்று. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ப்ரொஜெக்டர், புத்தம் புது பிராட்பேண்ட். அந்தப் பக்கம் சென்னையில் ரிட்டயரான ஒரு கணக்கு வாத்தியார். பத்திரிகைக்கு எழுதும் பத்தியை ஈமெயிலில் அனுப்புகிறவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை டெக்னிகல் ஆலோசகர் ஆக்கினார்கள். படம் உறைந்து நின்றால் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருக வேண்டும். அதுதான் ஆலோசனை.

"எப்படிங்க இருக்குது?" என்றார் கரஸ்பாண்டன்ட். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான். ஆனாலும் "அருமைங்க" என்றேன்.

சென்னை சார் தங்கமான மனிதர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுதுங்க சார்..." என்று கூரை அதிரும். அந்தச் சத்தம் சென்னை போய்ச் சேர ஒரு விநாடி ஆகும். பிறகு திரையில் அவர் முகம் மலரும். உடனே அடுத்த கணக்கு.

முதல் வாரத்தில் ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றாள். முத்துச்செல்வி. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மாவுக்கு பனியன் கம்பெனியில், தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் வேலை.

"புரியல சார்" என்றாள், பட்டென்று.

மொத்த வகுப்பும் திரும்பி அவளை முறைத்தது. பின்னால் நின்றிருந்த கரஸ்பாண்டன்ட், வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"கண்ணு, அத்தனை தூரத்துல இருந்து பெரியவர் ஒருத்தர் சொல்லிக்குடுக்கறாரு. மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லலாமா? பையர் கேட்டா நாங்க என்னைக்காச்சும் முடியாதுன்னு சொல்றமா? மொதல்ல ஓகே சொல்லிரோணும். அப்பறம் பாத்துக்கலாம்."

பெண் கெட்டிக்காரி. ஒரே நாளில் கற்றுக்கொண்டாள் — கணக்கை அல்ல, ஓகே சொல்வதை.

காலாண்டுத் தேர்வு வந்தது. முத்துச்செல்விக்கு நூற்றுக்குப் பதினொன்று. மற்றவர்களும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை. "எல்லாரும் புரிஞ்சுதுன்னுதானே சொன்னாங்க?" என்று திரையில் விழித்தார் சென்னை சார். பாவமாக இருந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்வியின் அம்மா வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. ஆபீஸில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"அரையாண்டுலயும் இப்பிடித்தான்னா எங்கூடவே செக்கிங்குக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் சார். அங்க ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காவ."

கோபமே இல்லாமல் சொன்னார். செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வகுப்பில் உண்மை பேசியது அவள் ஒருத்திதான். அதையும் நாங்கள் உட்கார வைத்துத் திருத்தியிருந்தோம்.

நேரே கரஸ்பாண்டன்ட்டிடம் போனேன். அறிவுரை சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அதனால் கேள்வியாகக் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க கம்பெனியில பனியனை எப்பங்க செக் பண்ணுவீங்க?"

"தைக்கத் தைக்கத்தானுங்க. பெட்டி கட்டுன பொறவு பாத்து என்னத்தப் பண்றது?"

"டெய்லர்கிட்ட 'நல்லாத் தெச்சியா'ன்னு கேட்டாப் போதாதுங்களா?"

சிரித்தார். "நல்லாத்தான் தெச்சேன்னு சொல்லுவானுங்க. பீஸைக் கையில எடுத்துப் பாக்கோணுமுங்க."

சொன்னவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். எங்கோ தையல் பிரிந்திருக்கிறது என்று பிடிபட்டிருக்க வேண்டும்.

மறு வாரம் முதல் "புரிஞ்சுதா?"வுக்கு வகுப்பில் தடை. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் ஐந்தைந்து பேராக வந்து நோட்டை கேமரா முன்னால் காட்ட வேண்டும். எழுத்து தெரியவில்லை என்றதும் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டை கொட்டையாக எழுதினார்கள். கரண்ட் போனால் நோட்டைப் பிடித்தபடியே இருட்டில் நின்றார்கள். மூன்று கணக்கு நடந்த நேரத்தில் ஒரு கணக்குதான் நடந்தது. "புரொடக்‌ஷன் விழுந்து போச்சுங்க" என்று கரஸ்பாண்டன்ட் புலம்பினார்.

செல்வியின் முறை. மூன்றாவது வரியில் மைனஸ் ப்ளஸ் ஆகியிருந்தது. சார் விளக்கினார். அவள் நகரவில்லை. பின்னால் நின்ற கரஸ்பாண்டன்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் புரியலீங்க சார்."

பிடிவாதம் நெல்லை, 'ங்க' எங்கள் ஊர். சார் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "எனக்கும் புரியலீங்க சார்" என்றான் பக்கத்தில் நின்றவன். அப்புறம் வரிசையாக... இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தார்கள், பாவிகள்.

அரையாண்டில் செல்விக்கு ஐம்பத்துநான்கு. அம்மா மறுபடி சாப்பாட்டு நேரத்தில் வந்தார். மார்க்கை இரண்டு தடவை பார்த்தார். "பெறவென்ன, படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மணியாகிவிட்டதென்று கம்பெனிக்கு ஓடினார். எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது.

போன வாரம் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம சிஸ்டம் சக்சஸுங்க. அடுத்த வருசம் தமிழு, சயின்ஸு, பி.டி. பீரியடு எல்லாத்துக்கும் ஸ்க்ரீனே வெச்சரலாம்னு இருக்கறன். கிளாஸுக்குள்ள வாத்தியாரே தேவையில்லீங்க. நாஞ் சொல்றது புரிஞ்சுதுங்களா?"

'அருமைங்க' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

"புரியலீங்க" என்றேன்.