உப்புக்கு இடமுண்டு, மிளகுக்கு இல்லை

ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருக்கையில் பள்ளிப்பட்டிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஞானம்மாள், அனுசுயாவின் கணவனுக்கு அக்கா. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் பாதிக் குடும்பங்கள் தமிழில் சண்டை போட்டுத் தெலுங்கில் உறவு கொண்டாடும். அந்த வழக்கப்படி அனுசுயாவுக்கு அவர் வதினா.

வதினா சொன்ன சேதி சுருக்கமானது. வழக்கம்போல இருபத்திரண்டு பேர் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு வருகிறார்கள். மலையிறங்கியதும் இலை போடுவது பத்தொன்பது வருஷமாக அனுசுயா வீட்டில்தான். இந்த வருஷமும் அங்கேயே போட வேண்டுமானால் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பொட்டி வெளியே போக வேண்டும். போகாவிட்டால் இரண்டு தெரு தள்ளி, சித்தப்பா மகள் வசந்தி வீட்டில் சமைக்கச் சொல்லிவிடுவார்.

பொட்டி என்றது பாத்திரம் கழுவும் மெஷினை. அது வந்து ஏழு மாதம் ஆகிறது.

"பொட்டி எங்கயும் போவாது வதினா," என்றாள் அனுசுயா. "சாப்பாடும் இங்கதான்."

ரெண்டும் எப்படி முடியும் என்று வதினா கேட்டார். அடுப்பில் பால் இருக்கிறது என்று அனுசுயா போனை வைத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் தெரியாததை ஒரு குறையாக அவள் எப்போதும் நினைத்ததில்லை.

காவடிக்காரர்கள் எந்த வீட்டில் கை நனைக்கிறார்களோ, அதுதான் அந்த வம்சத்தின் தலைவீடு. கல்யாணப் பத்திரிகை முதலில் வருவதும் பங்காளிச் சண்டை கடைசியாக வருவதும் அங்கேதான். வசந்தி பத்தொன்பது வருஷமாகப் பெரிய அண்டா ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் அனுசுயாவுக்குத் தெரியும். ஒரு பக்கம் அந்த மரியாதை, இன்னொரு பக்கம் அவளுடைய பத்து விரல்.

விரல் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அனுசுயா பாவு பிணைப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. பவர்லூமில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழைக்கு இழை சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு தறிக்கு மூவாயிரத்துக்குக் குறையாது. துளி சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும் ஒரு நொடியில் ஓர் இழை சேரும். அந்தப் பக்கத்துத் தறி ஷெட்டுகளில் அவள் கை ஓடும் வேகத்துக்குத் தனிப் பேர் உண்டு. நாற்பது வயதில் அந்தக் கை வெடிக்க ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, பிறகு தோல் உரிந்து பிளவு. பிளவின் ஓரத்தில் நூல் மாட்டும், மாட்டினால் அறும், அறுந்தால் ஷெட்டுக்காரர் மேலே பார்ப்பார். திட்டமாட்டார். அவர் மேலே பார்ப்பது திட்டுவதைவிட மோசம்.

டாக்டர் சோப்புத் தண்ணீரில் கை வைக்காதே என்றார். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறவளிடம் இதைச் சொல்வது, மீனிடம் ஈரம் ஆகாது என்று சொல்வதற்குச் சமம். உறை போட்டுப் பார்த்தாள். உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. வதினாவின் வைத்தியம் வேறு: மலையில் உப்பும் மிளகும் கொட்டு, உப்புக் கரைகிற மாதிரி நோயும் கரையும். அனுசுயா மூன்று வருஷம் கொட்டினாள். பக்தியில் குறை வைக்கவில்லை. ஆனால் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கே இருபத்திரண்டு பேருக்குச் சமைத்த பாத்திரத்தையும் அவளே தேய்த்தாள். சாமி ஒரு பக்கம் கரைத்தால் சபீனா பவுடர் மறுபக்கம் பூசியது.

நான்காம் வருஷம் சீட்டு எடுத்தாள், மெஷின் வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அனுசுயா சொல்வதுதான் சட்டம். கணவன் டில்லிபாபு கே.ஜி.கண்டிகை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்லவன், எந்த வேலைக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பவன். பிளக்கை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிவிடலாம் என்றான். ஒரு ஷெட்டில் அப்படிச் சொருகிய பாக்ஸ் உருகி, தறியோடு சுவர் கருகியதை அவள் நேரில் பார்த்தவள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, எர்த் வைத்த தனி லைன் இழுத்த பிறகுதான் மெஷினுக்கு உயிர் கொடுத்தாள். சோப்பு மாத்திரையை டில்லிபாபு பிஸ்கட் டப்பாவில் கொட்டி வைத்தான். பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும் அதை, விருந்துக்கு வரும் பிள்ளை யாராவது வாயில் போட்டால் தொண்டை வெந்துவிடும் என்று, பழைய உறைக்கே மாற்றி மேல் பரணுக்கு அனுப்பினாள். கத்தியின் முனை கீழே பார்க்க வேண்டும். ஓடும்போது கதவைத் திறக்கக் கூடாது, ஆவி முகத்தில் அடிக்கும். திறந்த கதவை நடைபாதையில் அப்படியே விடக் கூடாது. முருங்கைச் சக்கையையும் கறிவேப்பிலையையும் குப்பையில் தட்டிவிட்டுத்தான் தட்டை வைக்க வேண்டும். அடியில் இருக்கும் வடிகட்டியைத் தினமும் கழற்றிக் குழாயில் காட்டுவாள். அதற்குச் சோப்பு தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். இங்கிலீஷில் இருந்த புத்தகத்தைப் போனில் படம் பிடித்துத் தமிழாக்கிப் படித்திருந்தாள். தமிழாக்கம் பாதி புரியாது. புரிந்த பாதியை அவள் மன்னிப்பதில்லை.

அந்தப் புத்தகம் ஒரு வேடிக்கையும் செய்தது. அலுமினியமும் பித்தளையும் இரும்புத் தோசைக்கல்லும் மெஷினுக்கு ஆகாது, கறுத்துப் போகும் என்று சொன்னது. அனுசுயா கை வைக்கக் கூடாது, மெஷினும் கை வைக்காது. மிச்சம் இருந்தது டில்லிபாபுவின் கைதான். கழுவும் மெஷின் வந்த பிறகுதான் அந்த வீட்டு ஆம்பளை பாத்திரம் கழுவப் பழகினான்.

பரணி அன்று சாயங்காலம் மஞ்சள் உடையில் இருபத்திரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ராத்திரி மாடியில் தங்கல். வதினா நேரே அடுப்படிக்குப் போய், மெஷினைச் சம்பந்தி வீட்டுக் குறையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கையில் மஞ்சள் காகிதத்தில் கட்டிய உப்பு மிளகுப் பொட்டலங்கள். பேரன் போனில் வீடியோ காட்டியிருக்கிறான், அவர் ஆதாரத்தோடுதான் வந்திருந்தார்.

"உள்ள சுத்தறது ஒரே தண்ணி. எச்சில் தட்டு மேல பட்ட தண்ணி சாமிக்குப் படைக்கிற பாத்திரத்து மேலயும் படுது. இல்லன்னு சொல்லு பாக்கலாம்."

இல்லை என்று சொல்ல முடியாது. வதினா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெஷின் அதே தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அதை வெளியே தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்து அலசும் என்பது வீடியோவில் அடுத்த நிமிஷத்தில் வருவது. பேரன் அதற்குள் நிறுத்தியிருப்பான்.

"ஆங், ஒரே தண்ணிதான்," என்றாள் அனுசுயா. "ஒங்க வூட்டுப் பின்னால அன்னக்கூடையில தண்ணி ரொப்பி இருபது தட்ட முக்கி எடுப்பீங்களே, அது எத்தினி தண்ணி?"

கூடத்தில் யாரோ இருமினார்கள். காவடிக் குழுவுக்குத் தலைவர் பெருமாள், அறுபது வயது. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஆழ்ந்து படித்தார்.

வதினா விடவில்லை. மற்ற நாள் எக்கேடு கெடட்டும், நாளைக்குப் புளி போட்டுக் கையால் தேய்த்த பாத்திரத்தில்தான் படையல் என்றார்.

"தாராளமா. பித்தளையெல்லாம் ஒங்க தம்பி தேய்ச்சிகினு இருக்காரு. மிச்சத்தையும் கையால தேய்க்கணும்னா தேய்ச்சிக்கலாம். கை யாருது? அத மட்டும் சொல்லுங்க. என்னுது இல்ல."

வந்திருந்தவர்களில் ஒன்பது பேர் பெண்கள். சுத்தத்தில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு கையும் உயரவில்லை. காலையில் முடிவு சொல்வதாக வதினா சொல்லிவிட்டு, வசந்திக்குப் போன் போட்டு அரிசி ஊற வைக்கட்டுமா வேண்டாமா என்கிற அளவில் அவளையும் காத்திருக்க வைத்தார்.

மெஷினில் உப்புக்கான விளக்கு அன்று ராத்திரி எரிந்தது. திருத்தணி போர்த் தண்ணீர் கடினம், துணியில் வெள்ளை பூக்கும். அந்தத் தண்ணீரை மென்மையாக்க மெஷினின் அடிவயிற்றில் ஓர் உப்புத் தொட்டி இருக்கிறது. அதற்கென்று விற்கும் சுத்தமான உப்பைக் கொட்ட வேண்டும். அந்த வேலையை மறுநாள், கிருத்திகை அன்று காலையில் டில்லிபாபுவிடம் சொன்னாள். அவன் மூடியைத் திருகி எடுத்துப் புனலை வைத்தான். அதற்குள் அக்கா வந்து, "இன்னாடா பண்றே?" என்று கேட்க, "உப்பு கேக்குதுக்கா" என்றான். அந்த நேரம் பார்த்து ஆட்டோவை நகர்த்தச் சொல்லி வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். குறுக்கு வழிக்காரன் வேலையைப் பாதியில் விட்டுப் போனான்.

அனுசுயா ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்துமுன் உள்ளே குனிந்து, தண்ணீர் பீச்சும் கையைச் சுண்டிச் சுற்றிப் பார்ப்பாள். வடிகட்டியையும் பார்ப்பாள். அன்று வடிகட்டியின் மேல் ஆறு கறுப்பு உருண்டைகள் கிடந்தன. பக்கத்தில் திறந்த உப்புத் தொட்டி. தொட்டி வாயில் ஒரு துணுக்கு மஞ்சள் காகிதம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகுதான் திரும்பினாள். அடுப்படி வாசலில் வதினா நின்றுகொண்டிருந்தார், பின்னால் பாதிக் கூட்டம்.

"எதுக்கு வதினா கொட்டினீங்க?"

"உப்பு கேக்குதுன்னு ஒன் வூட்டுக்காரன்தான் சொன்னான். மலையில கொட்டறதைத்தான் கொட்டினேன்." வதினாவின் குரல் ஒரு படி இறங்கியது. "சாமிக்கு வேண்டிகினது பட்டா அப்பறம் இன்னா தீட்டு? பொட்டியும் இருக்கும், நானும் இங்கயே சாப்டலாமில்ல. வசந்தி சாம்பாருல வெல்லம் போடுவா."

பொட்டியை வெளியே போடு என்று வதினா சொன்னால் திருப்பிச் சொல்ல அனுசுயா ஒன்பது நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். இதற்கு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கேட்காமல் தன் மெஷினைத் தொட்டார் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். பொட்டியை ஒழிக்க வந்தவர் அதற்கே வேண்டுதல் செய்திருக்கிறார் என்பது இன்னொரு பக்கம்.

"சாப்டணும்னா சாப்டுங்க வதினா. அதுக்காவ இதுக்குப் பூசை போட வேணாம். உப்பு கேக்கும், குடுப்போம். மிளகுக்கு இதுல வேலை இல்ல."

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், மிளகு அடியில் போயிருக்கும். கரண்டி உள்ளே போகவில்லை. கே.ஜி.கண்டிகையில் அவள் அப்பா விதைநெல் பார்ப்பது நினைவுக்கு வந்தது. உப்புக் கரைசலில் நெல்லைப் போடுவார், கனமானது அமரும், பதர் மேலே வரும். தண்ணீருக்குக் கனம் ஏற்றினால் மிளகும் பதர்தானே. மிச்சமிருந்த மெஷின் உப்பைப் புனல் வழியாகக் கொட்டி, மரக்கரண்டிக் காம்பால் கலக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று வந்தது. அதன் பின்னால் நாலு. உப்புத் தண்ணீர் தொட்டி வாயில் வழிய வழிய, டீ வடிகட்டியால் அள்ளிக்கொண்டே இருந்தாள். பொட்டலத்தில் எத்தனை மிளகு என்று கொட்டியவருக்கே தெரியாது. ஆகவே நின்ற பிறகும் இரண்டு முறை கலக்கிப் பார்த்தாள்.

சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் எவர்சில்வரைத் தின்றுவிடும். மூடியை இறுக்கி, துடைத்து, பிளக்கைச் சொருகி, உடனே வெறும் அலசலை ஓட விட்டாள். மலைக்குக் கிளம்ப வேண்டிய இருபத்திரண்டு பேரும் மஞ்சள் உடையில் ஒரு மெஷின் முன்னால் மூச்சுப் பிடித்து நின்றார்கள். உள்ளே தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. பெருமாள் பழக்க தோஷத்தில் "அரோகரா" என்றார். நான்கைந்து பேர் பதில் சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டார்கள்.

மிளகைக் காகிதத்தில் மடித்து வதினா கையில் வைத்தாள். "இது மலைக்குப் போற சாமான். மலையிலயே போடுங்க."

அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்கள் காவடியோடு கிளம்பிய பிறகு பாத்திரங்களை அடுக்கிப் பொத்தானை அழுத்தினாள் அனுசுயா. சூடு ஆறாமல் வெளியே வந்த பாத்திரங்களில் சமையல் ஏறியது. மத்தியானம் இருபத்திரண்டு இலையும் அவள் கூடத்தில்தான் விழுந்தன. வதினா இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். தண்ணீர் மட்டும் பள்ளிப்பட்டிலிருந்து கொண்டு வந்த சொந்த டம்ளரில் குடித்தார். ஒரு மனுஷிக்கு அவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்.

சாப்பிட்டு எழுந்து அந்த டம்ளரை வதினா நீட்டியபோது அனுசுயா வாங்கவில்லை. மெஷினின் மேல் தட்டைக் காட்டி, கவிழ்த்து வைக்கச் சொன்னாள். வதினா டம்ளரோடு மெஷின் பக்கம் போனார். விசேஷ நாளில் பாத்திரத்தைக் கவிழ்ப்பதில்லை என்று சொல்லி, நிமிர்த்தி வைத்தார்.

அனுசுயா பார்த்தாள். திருத்தவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் மெஷின் கதவைத் திறந்தால், மற்றதெல்லாம் பளபளத்தது. வதினாவின் டம்ளரில் மட்டும் விளிம்பு வரை கலங்கல் தண்ணீர். அவர் அதை இரண்டு கையாலும் ஏந்தி எல்லாரிடமும் காட்டினார். "பாத்தீங்களா? நான் சொல்லல? அதே தண்ணி."

"நிமித்தி வச்சா மழையிலயும் அதே தண்ணிதான் நிக்கும்," என்று அனுசுயா டம்ளரை வாங்கி, ஊற்றிவிட்டு, தட்டில் கவிழ்த்து வைத்தாள். "அடுத்த ஆடிக்கு வந்து எடுத்துக்குங்க. பொட்டியும் இங்கதான் இருக்கும், டம்ளரும் இங்கதான் இருக்கும்."

வதினா டம்ளரைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து தம்பியிடம், அந்தப் பொட்டிக்கு உப்பு தீர்ந்தால் உடனே வாங்கிக் கொட்டு, அவளைக் கேக்க வைக்காதே என்று அதட்டினார். மறுநாள் காலை அனுசுயா ஷெட்டில் புதுப் பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் நூறு இழை அறாமல் சேர்ந்தது. ஷெட்டுக்காரர் மேலே பார்க்கவில்லை.