துண்டுக்கடியில் தோசை

மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையில் அந்தக் காலத்தில் விலையை வாய்விட்டுச் சொன்னவன் மடையன். வாங்குகிறவரும் தரகரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். அதற்கடியில் விரலை அழுத்தி அழுத்தியே பேரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிற மூன்றாம் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. என் அண்ணா அப்படி ஒரு தரகன். தலைமுறை தலைமுறையாகக் குமாஸ்தாக்களையே பெற்றுப்போட்ட எங்கள் பாலக்காட்டுக் குடும்பத்தில் அதுவே பெரிய புரட்சி.

அதனால் அவன் எல்லோருடைய விரல்களையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தபோது நாங்கள் பூரித்துப்போனோம். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவன் விரல், தீர்த்தம் கொடுக்கிற சாந்திக்காரர் விரல், சோறு போடுகிற அம்மாவின் விரல், எதையும் விடமாட்டான். "தொழில்ல என்ன கருத்து பாத்தியோ!" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த விரல்களெல்லாம் தனக்கு ரகசியச் சேதி சொல்வதாக அவன் நம்பியது எங்களுக்குத் தெரியாது.

பிறகு பேச்சும் தடம் புரண்டது. மிளகு என்ன விலை என்று கேட்டால், "ஏறியாச்சு. ஏறினா எறங்கணும். எறங்கற கடவுல வள்ளம், வள்ளத்துல உப்பு, உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, குப்பையில என் பேரைன்னா கிளறறா!" என்பான். ஒவ்வொரு சொல்லும் அடுத்ததன் கையைப் பிடித்திருக்கும். மொத்தத்தில் எங்கே போகிறது என்று கேட்டால் தெரியாது. சந்தையில் அவனுக்குப் பிராந்து, அதாவது பைத்தியம், என்று சொல்லிக் கழற்றிவிட்டார்கள். உறவுக்காரர்கள் கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்றார்கள். தங்கள் கல்யாணத்தில் எதைக் கண்டு அப்படிச் சொன்னார்களோ!

எர்ணாகுளத்து டாக்டர் ஒருவர்தான் விளங்கும்படி சொன்னார். காதில் விழும் ஆயிரம் சத்தத்தில் நமக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று மூளை சலித்துத் தள்ளுமாம். இவனுடைய சல்லடை கிழிந்துவிட்டதாம். காக்கை கத்தினால் நமக்குக் காக்கை கத்துகிறது, அவ்வளவுதான். அவனுக்கு அது தந்தி. தன் மனசுக்குள் ஓடுகிற பேச்சையே வெளியாள் பேச்சென்று மூளை எடுத்துக்கொள்ளுமாம். மாத்திரை கொடுத்தார். "சோறும் மாத்திரையும் உள்ளே போகலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்கோ" என்றார். அம்மா பார்த்திருந்த பிராந்தாஸ்பத்திரியில் மனிதர்களைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள்.

அண்ணாவோ சோற்றைத் தொடவில்லை. காதுக்குள் இரண்டு பேர் இருந்தார்களாம். "நான் என்ன திங்கறேன்னு கேட்டுட்டு அதுல விஷம் வெச்சுடறா. அவாளுக்குக் கண் கிடையாது, காது மாத்திரம்தான்" என்றான். அம்மாவுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமே இல்லை. "டேய், தோசை வேணுமாடா?" என்று அவள் சமையலறையிலிருந்து கத்தினால் யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் வரை கேட்கும். அவன் தட்டைத் தள்ளிவிடுவான். கன்னம் ஒட்டி, எலும்பு தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தக் கோபத்தில் ஒருநாள் அவன் தோள் துண்டை உருவி எங்கள் கைகளின் மேல் போட்டேன். அவனுடைய இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன். அவன் தங்கைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு விரலால் திருப்பி அழுத்தினான். நான் விடவில்லை, இரண்டிலேயே நின்றேன். பேரம் படிந்தது. வாயைத் திறக்காமல் இரண்டு தோசையைக் கொண்டுவந்து வைத்தேன். தின்றான். அம்மா வாயில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு அழுதாள். மாத்திரையையும் அப்படித்தான் அவனிடம் விற்றுத் தள்ளினேன். அதற்குப் பேரம் கடுமை, கிராதகன் பாதி விரலுக்கு மேல் ஏறவே மாட்டான்.

மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் சாப்பாடு துண்டுக்கடியிலேயே நடந்தது. ஒருநாள் காலையில் வழக்கம்போலத் துண்டைப் போட்டு அவன் விரலைத் தேடினேன். அவன் கையை இழுத்துக்கொண்டான். போச்சு, மறுபடியும் பட்டினி என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"எத்தரை தோசை வேணும்னு வாயால கேட்டா என்னடீ?" என்றான் அண்ணா. "நேக்கென்ன பிராந்தா?"