திராஸ் மலையில் கரடி வந்தது, நாங்கள் சொல்லவில்லை

போன ஆகஸ்ட்டில் திராஸ் பக்கம் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இதுவரை பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டார்கள்: "அங்கே பழுப்புக் கரடி இருக்காமே, டென்ட் போட்டுத் தங்கலாமா?" ஒருவருக்கும் நான் ஒழுங்காகப் பதில் எழுதவில்லை. ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டதை இன்று எழுதுகிறேன்.

எனக்கு ராயபுரத்தில் ரயில்வே வேலை, வீடு வியாசர்பாடி. கூட வந்தவன் சூசை, ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன் ஓட்டுகிறான். இருபது வருட சிநேகம். இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது, பனிமலையில் ஒரு ராத்திரியாவது டென்ட்டில் படுக்க வேண்டும் என்று ஆசை. இமயமலைக்குப் போகிறோம் என்றதும் தெருவில் எல்லோரும் "மணாலியா?" என்றார்கள். ஒருவருக்கு மட்டும் அது பக்கத்தில் பெட்ரோல் ஆலை இருக்கும் மணலி என்று காதில் விழுந்துவிட்டது. "மணலிக்கு இன்னாத்துக்கு லீவு போடணும்? ஒரு டேங்கர் லாரி பின்னாலயே போனா வந்துடும்" என்றான் சூசை.

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் முப்பத்தைந்து மணி நேரம். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானம், ஆளுக்கு 4,600 ரூபாய். ஸ்ரீநகரில் காலை ஆறு மணிக்கு ஷேர் ஜீப் பிடித்தால், 140 கிலோமீட்டர், மதியம் பன்னிரண்டரைக்கு திராஸ். ஆளுக்கு 1,200 ரூபாய். ஜோஜிலா கணவாயில் இடப்பக்கம் உட்கார்ந்தால் கீழே பார்க்காதீர்கள். முதல் நாள் எங்கும் ஏறாமல் ஓய்வெடுங்கள், உயரம் தலையைப் பிளக்கும்.

நாங்கள் தங்கியது ஜாகிர் என்பவரின் வீட்டில். கூட வேலை செய்யும் வடநாட்டுக்காரர்களால் எனக்கு இந்தி வரும், அதனால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. மேலே போகப்போகிறோம் என்றதும் அவர் ஒரு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எட்டு கிலோ இருக்கும். "சாப்பாட்டுப் பொருள் மொத்தமும் இதில் இருக்கணும். பெட்டி டென்ட்டிலிருந்து நூறு தப்படி தள்ளி. சமையலும் தள்ளித்தான். பேஸ்ட், சோப்பு கூட டென்ட்டுக்குள்ள வேண்டாம். எங்க கரடிக்கு மூக்கு பெரிசு" என்றார். ஜீப்பை விட்டு நடக்கும் வழியில் ஆறாவது கிலோமீட்டரில் தன் தம்பி ரஹீம் ஆடு மேய்க்கும் குடிசை இருக்கிறது என்றும் சொன்னார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஜீப்பில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு நடை. நாங்கள் போன பள்ளத்தாக்கின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பெட்டியை மாற்றி மாற்றித் தூக்கினோம். ரஹீமின் குடிசைக்குப் போவதற்குள் சூசைக்கு மூச்சு வாங்கியது. "மாமு, இத்தத் தூக்கினு இன்னும் ஏறினா நான் ஊருக்குப் பொட்டியிலதான் வருவேன்" என்றான்.

ரஹீம் எங்கள் வயசுக்காரன். கல் அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை, பக்கத்தில் அறுபது எழுபது ஆடுகள். உப்புப் போட்ட டீ கொடுத்தான். கடலோரத்திலிருந்து வந்தவர்கள் என்றதும், கடல் ராத்திரியில் சத்தம் போடுமா என்று கேட்டான். போடும் என்றேன். "அப்ப எப்படித் தூங்குவீங்க?" என்று சிரித்தான்.

பெட்டியை அவனிடமே விட்டுவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறோம் என்றோம். அவன் சிரிப்பு நின்றது. "அப்போ சாப்பாடு?"

"எல்லாம் வழியிலயே தின்னு முடிஞ்சது. பிஸ்கட் மட்டும்தான் இருக்கு" என்றேன். பொய் சொன்னது நான், சூசை அல்ல. என் பையில், பெட்டியிலிருந்து மாற்றிக்கொண்ட மூன்று கிலோ அரிசியும், சூசையின் மனைவி ஃப்ளோரா செய்து கொடுத்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ஒரு பாட்டிலும் இருந்தன.

இன்னும் மூன்று கிலோமீட்டர் ஏறி, ஓடைக்குப் பக்கத்தில் டென்ட் போட்டோம். காற்று அடித்ததால் டென்ட் வாசலிலேயே அடுப்பு மூட்டினோம். "சோறு கீது, தொக்கு கீது, எதிர்ல பனி கீது. வேற இன்னா வேணும் சொல்லு" என்றான் சூசை. மிச்சச் சோற்றை ஒரு கல்லுக்கு அடியில் தள்ளினோம். பாட்டிலைப் பையில் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தோம்.

காலை ஐந்து இருபதுக்கு ஒதுங்குவதற்காக வெளியே போயிருந்தேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால், டென்ட்டுக்கு முப்பது அடியில், சோறு தள்ளிய கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. தேங்காய் நார் நிறம், தோளில் திமில் மாதிரி மேடு, வலது காது பாதி கிழிந்திருந்தது. சூசை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டேன். கத்தவில்லை, தணிந்த குரலில்தான்.

"சூசை. பின்பக்கமா வா. ஓடாத."

அவன் பின்பக்க ஜிப்பைத் திறந்து தவழ்ந்து வெளியே வந்து, கரடியைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான். "ஓடாதடா, மெதுவா நட, எங்கிட்ட பேசினே வா" என்றேன். அவன் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே, அதற்கு முதுகைக் காட்டாமல், பின்னாலேயே அடியெடுத்து வந்தான். கரடி ஒரு தடவை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு டென்ட்டைக் கிழித்தது.

இருநூறு அடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றோம். அரிசி, பிஸ்கட், தொக்கு எல்லாவற்றையும் தின்றுவிட்டு, பாட்டிலை நெடுநேரம் நக்கிவிட்டு அது மேலே போய்விட்டது. எங்கள் மேல் ஒரு கீறல் இல்லை. அது பாட்டிலை நக்கும்போதே எங்களுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நான் அதைப் போனில் வீடியோ எடுத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இறங்கும்போது ரஹீம் குடிசை வாசலில் நின்றிருந்தான். சூசையின் தோளில் கிழிந்த டென்ட். "என்ன ஆச்சு? மேலே ஏதாவது பார்த்தீங்களா?" என்றான்.

நேற்று சொன்ன பொய் தெரிந்துவிடுமே என்று வெட்கம். வனத்துறையில் அபராதம் ஏதாவது போடுவார்களோ என்றும் பயம். "காத்துல கிழிஞ்சுடுச்சு" என்றேன். சூசைக்கு இந்தி வராது. அவனுக்கு நான் மொழிபெயர்க்கவும் இல்லை. ரஹீம் டென்ட்டை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு உள்ளே போய் இரண்டு பேருக்கும் ரொட்டி எடுத்துவந்தான். நாங்கள் தின்றோம். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

பதினோரு நாள் கழித்து, ராயபுரத்தில் டூட்டியில் இருந்தபோது ஜாகிர் கூப்பிட்டார். விடியற்காலையில் கரடி ரஹீமின் குடிசைக் கதவை உடைத்து, மாவும் வெண்ணெயும் இருந்த மூலைக்குப் போயிருக்கிறது. ரஹீம் உள்ளே படுத்திருந்தான். வெளியேற அந்த ஒரு கதவுதான். கீழே தூக்கிவரும் வழியிலேயே போய்விட்டான்.

"ரொம்ப வருஷமா குடிசைகிட்ட வராத மிருகம். நீங்க மேலே இருந்தப்போ ஏதாவது பார்த்தீங்களா பாய்?" என்றார்.

தம்பி கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவையும் அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "கிழிஞ்ச காது. தம்பியைத் தூக்கப் போனவங்க பார்த்ததும் அதேதான்" என்றார். பிறகு, "நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே மந்தையை இறக்கியிருப்பான்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் சூசையிடம் சொன்னேன். டென்ட் கிழிந்ததைப் பற்றி ரஹீமிடம் நான் என்ன சொன்னேன் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். "அவன் குட்த்த ரொட்டியத் துன்னுட்டு வந்துட்டோமே மாமு" என்றான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

நவம்பரில் அவனே வந்து, கல்லறைத் திருநாளுக்கு மாதா கோயிலுக்கு வா என்று கூப்பிட்டான். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. போய்ப் பின்வரிசையில் நின்றேன். இறந்தவர்கள் பெயரைச் சாமியார் வரிசையாக வாசித்தார்: அந்தோணி, ஞானப்பூ, மரிய செல்வம், லாசர். அடுத்து, கொஞ்சமும் தடுமாறாமல், "ரஹீம்" என்றார். முன்வரிசையில் சூசை முகத்தை மூடிக்கொண்டான்.

நான் இதை எழுதப்போகிறேன் என்று ஜாகிரிடம் கேட்டேன். "எழுதுங்க. என் தம்பி பேரோட எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

இனி, போகிறவர்களுக்கு. இரும்புப் பெட்டி கனம்தான், தூக்குங்கள். முடியாவிட்டால் குதிரை வையுங்கள், ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். கருவாடு, தொக்கு, நெய் எதுவும் வேண்டாம். சமையல், சாப்பாடு, எச்சில் எல்லாம் டென்ட்டுக்கு நூறு தப்படி தள்ளி. சமைத்த சட்டையோடு டென்ட்டில் படுக்காதீர்கள். மிச்சத்தைப் புதைக்காதீர்கள், கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். புதர் மறைக்கும் இடத்தில் பேசிக்கொண்டே நடங்கள், திடுக்கிட்ட கரடிதான் பாயும். எதிரில் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். தணிந்த குரலில் பேசியபடி பின்வாங்குங்கள். வந்து தொட்டேவிட்டால் பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கைகளால் பின்கழுத்தைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கரடி உங்கள் சாப்பாட்டைத் தொட்டுவிட்டால், அதற்கு மனிதன் இருக்கும் இடமெல்லாம் தீனி இருக்கும் இடம்தான். நீங்கள் தப்பித்து ஊர் வந்து சேர்ந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும். அதனால் இறங்கும் வழியில் முதலில் பார்க்கிற ஆளிடம், வெட்கமாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வாருங்கள்.