இருபத்தெட்டுக் காய்களும் மெர்சி சிஸ்டரும்

மதுக்கரைக்குப் போகும் சாலையில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் போய் நிற்பது மெர்சி வீட்டு வாசலில்தான். அவருக்கு அறுபத்தொரு வயது. ஓமானில் பதினாறு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, மகன் ஆல்வின் வாங்கிய வீட்டில் இருக்கிறார். குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பிரஷர் பார்க்க வருவார்கள், சர்க்கரை பார்க்க வருவார்கள், ஊசி போட்டுக்கொள்ள வருவார்கள். வேலை முடிந்ததும் "வாரேனுங்க சிஸ்டர்" என்று செருப்பை மாட்டிவிடுவார்கள். உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மெர்சி எண்ணியும் வைத்திருந்தார். மூன்றே பேர்.

அந்த மூன்று பேரை வைத்துத்தான் டோமினோ ஆட்டத்தைத் தொடங்கினார். ஓமானில் நர்ஸ் குவார்ட்டர்ஸில் லீவு நாளெல்லாம் அவர் ஆடிய ஆட்டம் அது. வரும்போது தங்கம் வாங்கி வந்தவர்கள் உண்டு, டிவி வாங்கி வந்தவர்கள் உண்டு. மெர்சி அவற்றோடு ஒரு டோமினோ பெட்டியும் வாங்கி வந்தார். அதைத் திறக்க நாலு பேர் சேர ஏழு வருடம் ஆயிற்று.

முதலில் வந்தவர் பாவாத்தாள். பல்லடத்தில் சொந்தத் தறிக்குடோன் நடத்தி, அதை மகன்களிடம் கொடுத்துவிட்டு வந்தவர். நாற்பது வருடம் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிய தொண்டை, ரகசியத்தையும் மூன்றாம் மாடி வரைக்கும் சொல்லும். இரண்டாவது நந்திதா. இரவெல்லாம் கம்ப்யூட்டரில் அமெரிக்காக்காரர்களுக்கு வேலை பார்த்துவிட்டு மத்தியானம் பல் தேய்க்கும் பெண். மூன்றாவது ராமாமணி. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். மெர்சி பிறந்ததும் அதே பக்கம்தான். "எந்த ஊருங்க சிஸ்டர்?", "அங்க யாரு தோட்டத்துப் பக்கமுங்க?" என்று இரண்டே கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிட்டது. மெர்சியின் அம்மா சின்னாத்தாள் கூலிக்குப் போனது ராமாமணியின் பெரியப்பா வாழைத்தோட்டத்துக்கு. அதற்குப் பிறகு ஊர்ப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு, கீழே அசோசியேஷன் ஹாலில், கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் மேஜையில் ஆட்டம். கற்றுக்கொடுத்தது மெர்சி. மொத்தம் இருபத்தெட்டுக் காய். ஒவ்வொரு காயிலும் இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியிலும் வெறுமையிலிருந்து ஆறு வரை ஏதோ ஒரு எண்ணுக்குப் புள்ளி. கவிழ்த்துக் கலைத்து ஆளுக்கு ஏழு எடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி: மெர்சியும் நந்திதாவும் ஒரு பக்கம், ராமாமணியும் பாவாத்தாளும் மறுபக்கம். முதல் கையை இரட்டை ஆறு வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். அடுத்தவர், மேஜையில் ஓடும் வரிசையின் இரண்டு முனையில் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்தும் காயைச் சேர்க்க வேண்டும். பொருந்தும் காய் இல்லையென்றால் விரலால் மேஜையில் ஒரு தட்டு. முறை அடுத்தவருக்குப் போகும். கையிலிருப்பதை முதலில் முடித்தவருடைய ஜோடிக்கு வெற்றி. எதிர் ஜோடி கையில் மிஞ்சிய புள்ளியெல்லாம் இவர்கள் கணக்கில் ஏறும். யாராலும் போட முடியாமல் வரிசை அடைபட்டால், குறைந்த புள்ளி வைத்திருக்கும் ஜோடி ஜெயிக்கும்.

இதையெல்லாம் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பிடிபடாதது ஒன்றுதான்: ஆடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது. பாவாத்தாள் காயைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரியிடமே கேட்பார், "ஏனுங் சிஸ்டர், இத நான் இங்க வெச்சா உங்களுக்குச் சங்கடமாகுங்களா?"

"சங்கடப்படுத்தத்தானுங்கக்கா ஆட்டமே" என்பார் மெர்சி.

"அதெப்படீங்க, மூஞ்சிக்கு நேரா உக்காந்துட்டு."

ராமாமணி அதற்கும் மேலே. தன் முறை வந்தாலும் "நீங்க போட்டுக்குங்க, எனக்கென்ன அவசரம்" என்று உபசாரம் செய்வார். பந்தியில் இலை போட்ட மாதிரி முறையை அடுத்தவருக்கு நகர்த்துவார். ஜோடியாக ஆடும்போது பேசக் கூடாது, போடும் காயும் மேஜையில் விழும் தட்டும்தான் பேச்சு என்று மெர்சி திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒருத்தர் தட்டினா அந்த ரெண்டு நம்பரும் அவங்ககிட்ட இல்லைன்னு அர்த்தமுங்க. மிச்ச மூணு பேரும் அத நம்பித்தான் ஆடறோம். காய வெச்சுட்டுத் தட்டக் கூடாதுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள்.

இரண்டு மாதத்தில் ஆட்டம் சூடு பிடித்தது. வார்டில் எட்டுப் படுக்கையின் மருந்தையும் நேரத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த மெர்சிக்கு, போன காய்களை ஞாபகம் வைப்பது பெரிய வேலையில்லை. ஆனாலும் கை வராத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. தொடர்ந்து இரண்டு வாரம் அவரும் நந்திதாவும் தோற்றார்கள். மெர்சிக்கு அது உறைக்கவே இல்லை. நாலு பேரில் ஒருவராக உட்கார்ந்து தோற்பது, ஊசி போட்டுவிட்டு வாழ்த்து வாங்குவதைவிட அவருக்கு எவ்வளவோ மேல். மேஜையில் எல்லோருக்கும் ஏழு காய்தான். அந்த வாரக்கணக்கான தோல்வியை யாரோ பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை மெர்சியின் கையில் இரண்டு காய் இருந்தன. ஆறு-இரண்டை ஆறுக்கு ஒட்டிப் போட்டார். மேஜையின் ஒரு முனை இரண்டு, மறுமுனை நாலு. கையில் இருப்பது இரட்டை இரண்டு. பாவாத்தாள் தட்டினார். நந்திதா தட்டினாள். ராமாமணி தன் காய்களைப் பார்த்தார், மெர்சியைப் பார்த்தார், மெதுவாகத் தட்டினார். மெர்சி இரட்டை இரண்டைப் போட்டுக் கையைக் காலி செய்தார். நந்திதா கை தட்டினாள்.

மெர்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு உள்ள ஏழு காயில் ஆறு மேஜையில் கிடந்தன. இரண்டு உள்ள ஏழிலும் ஒன்று குறைய எல்லாம் இப்போது மேஜையில். வராத காய் ஒன்றே ஒன்று, இரண்டு-நாலு. அது இரண்டு முனைக்கும் பொருந்தும். மூன்று பேர் தட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் பொய் தட்டியிருக்கிறார். புள்ளி எண்ண பாவாத்தாளும் நந்திதாவும் காய்களைத் திருப்பி வைத்தார்கள். ராமாமணி மட்டும் தன்னுடையதைக் கவிழ்த்தபடியே குவியலில் தள்ளி, "எம்மட எல்லாஞ் சேத்தி ஒம்பதுதானுங்க" என்றார். அவர் அந்தக் காயை இரண்டுக்கு ஒட்டி வைத்திருந்தால் இரண்டு முனையும் நாலாகி, மெர்சியின் இரட்டை இரண்டு அங்கேயே செத்திருக்கும். அது தெரிந்துதான் ராமாமணி தட்டியிருக்கிறார்.

சும்மா விட்டிருக்கலாம். இந்த ஊரில் யாரும் யாரையும் மூஞ்சிக்கு நேரே குற்றம் சொல்வதில்லை. சொன்னால் அதோடு போக்குவரத்து நின்றுவிடும். ஏழு வருடம் கழித்துக் கிடைத்த நாற்காலி இது என்பதும் மெர்சிக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறந்தார்.

"ராமாமணியக்கா, ரெண்டு-நாலு உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு."

பாவாத்தாள் குவியலில் கையை விட்டு ராமாமணி தள்ளிய காய்களைத் திருப்பினார். இருந்தது.

ராமாமணி முகம் சிவந்துபோனார். "ரெண்டு வாரமாத் தோத்துட்டே இருக்கீங்க சிஸ்டர். பாவம், ஒரு கை ஜெயிச்சுட்டுப் போகட்டும்னுதானுங்க..."

மெர்சிக்குப் பொங்கலன்று அந்தப் பெரியப்பா தோட்டத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் முந்தானையை விரித்து நின்ற அம்மா கண்ணில் பட்டார். பக்கத்தில் நின்ற ஆறு வயது மெர்சியும் தெரிந்தாள்.

"பாவமுன்னு குடுத்தா வாங்கிக்கறதுக்கு எங்கம்மா இருந்தாங்க. நான் அதுக்கு இங்க வரலீங்க" என்றார். குரல் உயரவில்லை. பெட்டியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவர் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நாலு மணிக்கு நாலாவது மாடியிலிருந்து ஒருவர் பிரஷர் பார்க்க வந்தார், பார்த்துவிட்டுப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்நேரம் கீழே உட்கார்ந்திருக்கலாமே என்று மெர்சி தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஆனாலும், சொல்லியிருக்கக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ராத்திரி ஆல்வின், "ஏம்மா ஒரு மாதிரியா இருக்கறீங்க?" என்று கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்கு ராமாமணி வாசலில் நின்றார். கையில் டோமினோ பெட்டி.

"காய வெச்சுட்டுத் தட்டுனது தப்புங்க சிஸ்டர். பாவாத்தாளக்கா எங்கூட ஒரு வாரமாப் பேசறதில்ல. அவங்களுக்கு ஜோடியா உக்காந்துட்டு அவங்களையே கவுத்துப்போட்டேன்னு சொல்றாங்க." தரையைப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்குப் பண்ணுனது அதவிடத் தப்புங்க. வாங்க, போலாம்."

"இனிமேலும் எனக்காக உட்டுக் குடுக்கறதுன்னா நான் வரலீங்கக்கா."

"உடமாட்டேனுங்க."

சொல்வது சுலபம் என்று நினைத்துக்கொண்டேதான் மெர்சி படி இறங்கினார். முதல் இரண்டு கையும் மேலோட்டமாகப் போயின. யாரும் சரியாகப் பேசவில்லை, பாவாத்தாள்கூட. மூன்றாவது கையில் மெர்சிக்கு ஆறாக வந்து குவிந்தது. ஒவ்வொன்றாகக் கழித்தும் கடைசியில் இரட்டை ஆறும் ஆறு-ஐந்தும் கையில் மாட்டிக்கொண்டன. மேஜையின் ஒரு முனை ஒன்று, மறுமுனை மூன்று. ராமாமணியின் முறை.

அவர் கையில் ஒன்று-மூன்று இருக்கிறது என்று மெர்சிக்குத் தெரியும். மூன்றில் கடைசிக் காய் அது. மூன்றுக்கு ஒட்டி வைத்தால் இரண்டு முனையும் ஒன்றாகும், ஆட்டம் ஓடும், மெர்சிக்கு ஒரு வழி கிடைத்தாலும் கிடைக்கும். ஒன்றுக்கு ஒட்டி வைத்தால் இரண்டு முனையும் மூன்று. உலகத்தில் வேறு மூன்று இல்லை, ஆட்டம் அடைபடும்.

ராமாமணி காயை எடுத்தார். மேஜையைப் பார்த்தார். உதடு அசைய எதையோ கூட்டிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து மெர்சியை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே காயை ஒன்றுக்குப் பக்கத்தில் சத்தம் வர வைத்தார்.

மெர்சி தட்டினார். பாவாத்தாள் தட்டினார். நந்திதா தட்டினாள். எல்லோரும் காய்களைத் திருப்பினார்கள். மெர்சியின் இரண்டு காய்களையும் ராமாமணியே தன் பக்கம் இழுத்து, விரல் வைத்து எண்ணினார்.

"பன்னெண்டும் பதினொண்ணும் இருபத்திமூணுங்க. நந்திதா கையில ஏழு. எங்க ரெண்டு பேருகிட்டயுஞ் சேத்தி ஆறுதான். முப்பத எங்க பக்கம் எழுதுங்க."

அதில் ஒரு புள்ளியைக்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. மெர்சி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சிரிப்பை அடக்க முடியாமல், நிமிராமலேயே காய்களைக் கவிழ்த்துக் கலைக்கத் தொடங்கினார்.

"என்னங்க சிஸ்டர், இத்தனையத் தோத்துப்போட்டுச் சிரிக்கறீங்க?" என்றார் பாவாத்தாள், மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி.

"ஆமாங்கக்கா" என்றார் மெர்சி. "நெசமாவே தோத்துப்போட்டேனுங்க."